மருத்துவர் பதில்கள்: அட்ரீனல் கட்டியும் ஊசி மருந்தும்

சென்ற இதழில், எத்தனை மாத்திரை போட்டும் அடங்காத இரத்த அழுத்தத்துக்கு அட்ரீனல் சுரப்பியில் உள்ள சிறு கட்டி காரணமாக இருக்கலாம் என்றும், அந்தக் கட்டியை அறுத்து எடுக்காமல் ஊசி வழியே மருந்து செலுத்திச் செயலிழக்கச் செய்யும் முறையும் உண்டு என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன். கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. எட்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தம் இருக்கிறது. இப்போது நான்கு வகை மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. பொட்டாசியம் குறைந்து 2.9 என்று வந்ததால் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், இடது அட்ரீனலில் 1.6 செ.மீ. கட்டி இருக்கிறது. அறுவை சிகிச்சைதான் வழி என்கிறார் எங்கள் மருத்துவர். உறவினர் ஒருவரோ ஊசியிலேயே கட்டியைக் கரைத்துவிடலாம் என்கிறார். இது உண்மையா? ஊசியில் என்ன மருந்து போடுகிறார்கள்?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: உண்மைதான், ஆனால் "கரைப்பது" என்ற சொல் சரியன்று. கட்டி கரைந்து ஓடிவிடுவதில்லை. இருந்த இடத்திலேயே செத்துப்போகிறது.

சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி வைத்தாற்போல் ஓர் அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. எடை நான்கைந்து கிராம்தான். அதன் புறப்பகுதியின் மேலடுக்கு அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடலில் உப்பைத் தக்கவைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றச் சொல்வது இந்த ஹார்மோன்தான். உப்பும் அதனோடு நீரும் தேங்கும்போது இரத்த அழுத்தம் ஏறும். பொட்டாசியம் குறையும்போது தசை பிடிக்கும், சோர்வு வரும், இதயத் துடிப்பும் தடுமாறலாம். உடல் கேட்காமலேயே ஒரு கட்டி தன் போக்கில் அல்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டிருந்தால் உங்கள் கணவருக்கு இருப்பது போன்ற படம்தான் தோன்றும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் கான் என்ற மருத்துவர் 1955-இல் இதை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் கான் நோய் என்கிறோம். பொட்டாசியம் குறைந்தால்தான் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வகையில் உங்கள் கணவரின் கெண்டைக்கால் வலி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது.

ஊசியில் போடப்படுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஏறக்குறைய நீர் கலவாத எத்தனால், அல்லது அசெட்டிக் அமிலம். முதலாவது சாராயத்தின் சாரம். இரண்டாவது வினிகரின் புளிப்புக்குக் காரணமான அதே பொருள், செறிவு மட்டும் பல மடங்கு அதிகம். எத்தனால் உயிரணுவுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி, அதன் புரதத்தை வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போல் உறையவைத்து, கட்டிக்கு உணவு கொண்டுவரும் நுண்குழாய்களில் இரத்தத்தைக் கட்டச் செய்கிறது. அசெட்டிக் அமிலம் இவற்றோடு, கட்டிக்குள் இருக்கும் நார்த்தடுப்புகளையும் ஊடுருவிப் பரவக்கூடியது என்பதால், எத்தனாலைவிடக் குறைந்த அளவே போதுமானதாக இருக்கிறது. இரண்டும் விலை குறைந்தவை. பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

இந்த உத்தி அட்ரீனலுக்காகப் பிறந்ததன்று. ஈரலில் வரும் சிறு புற்றுக்கட்டிகளுக்கு எத்தனால் ஊசி போடும் வழக்கம் 1980-களில் ஜப்பானில் தொடங்கியது. அங்கிருந்து அது அட்ரீனலுக்கு வந்தது. தைவான் மருத்துவர்கள், ஹார்மோன் சுரக்கும் சிறிய அட்ரீனல் கட்டிகளுக்குச் சி.டி. ஸ்கேனைப் பார்த்தபடி அசெட்டிக் அமிலம் செலுத்திய மூன்று நோயாளிகளின் விவரத்தை 1999-இல் 'ரேடியாலஜி' இதழில் வெளியிட்டார்கள். மூன்றே பேர் என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கை கூடியிருந்தாலும், அறுவை சிகிச்சைக்கு இருக்கும் அளவுக்கு நீண்ட அனுபவம் ஊசிக்கு இன்னும் சேரவில்லை. உங்கள் மருத்துவர் அறுவையை முதலில் சொன்னதில் தவறில்லை. ஆனால் அறுவையோ ஊசியோ, அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது மூன்றாவது கடிதத்துக்கான பதிலில் வருகிறது; அதைக் கட்டாயம் படியுங்கள்.

கேள்வி: ஊசி போடும்போது நோயாளிக்கு என்னென்ன நேரும்? முழு மயக்கம் கொடுப்பார்களா? உயிருக்கு ஆபத்து உண்டா? விளக்கமாக எழுதவும்.
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: நோயாளியைச் சி.டி. ஸ்கேன் மேசையில் குப்புறப் படுக்கவைப்பார்கள். அல்லது கட்டி இருக்கும் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். இரண்டாவது நிலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கீழே அழுந்தியிருக்கும் பக்கத்து நுரையீரல் அதிகம் விரியாது. ஆகவே முதுகு வழியே செல்லும் ஊசி நுரையீரலின் அடிநுனியைக் குத்திவிடும் வாய்ப்புக் குறைகிறது. அப்படிக் குத்திவிட்டால் நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கும். இந்தச் சிகிச்சையில் எதிர்பார்க்க வேண்டிய சிக்கல்களில் அதுவும் ஒன்று.

ஊசியின் பருமன் இரத்தப் பரிசோதனைக்குப் பயன்படும் ஊசியின் அளவுதான், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நீளம்தான் ஒரு சாணை எட்டும். தோல் மரத்துப்போக மருந்து கொடுத்தபின், ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சிறிது சிறிதாக ஊசியை உள்ளே செலுத்தி, மறுபடி படம் எடுத்து, கோணத்தைத் திருத்தி, மறுபடி செலுத்தி, நுனி கட்டியின் நடுவே நிற்கிறது என்று உறுதியான பின்பே மருந்து இறங்கும். மருந்தோடு ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் சாயப்பொருளையும் சிறிதளவு கலப்பதால், அது கட்டிக்குள் மட்டும் பரவுகிறதா, வெளியே கசிகிறதா என்பதை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். 1.6 செ.மீ. உருண்டையின் கொள்ளளவு ஏறத்தாழ 2 மி.லி. மட்டுமே, அதனால் ஒரு துளி கூடினாலும் அது போய்ச் சேரும் இடம் பக்கத்து உறுப்புதான். இடப்பக்கம் கணையத்தின் வாலும், வலப்பக்கம் ஈரலும் உடலின் பெருஞ்சிரையும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வலப்பக்கக் கட்டியை எட்டச் சில சமயம் ஈரலையே துளைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வேறொன்று. அட்ரீனலின் புறப்பகுதிதான் அல்டோஸ்டிரோனையும் கார்டிசால் என்ற ஹார்மோனையும் சுரக்கிறது. உட்பகுதியில் இருப்பது, இரத்த அழுத்தத்தை ஏற்றும் அட்ரினலின் என்ற ஹார்மோனின் கிடங்கு. கட்டி புறப்பகுதியில் இருந்தாலும், மருந்தோ, வேறு முறையில் கட்டியைச் சுடும் வெப்பமோ அதை ஒட்டிய நல்ல திசுவின் உட்பகுதியைத் தொட்டுவிட்டால், அந்தக் கிடங்கு ஒரேயடியாக இரத்தத்தில் கொட்டும். சில நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தம் 200-ஐத் தாண்டிப் போகலாம். இதயம் படபடவென்று அடிக்கும். ஏற்கெனவே பல ஆண்டு அழுத்தத்தால் இறுகிப்போன குழாய்கள் உள்ளவருக்கு இது பக்கவாதம் வரை கொண்டுபோகலாம். ஆகவே இந்தச் சிகிச்சை, அட்ரினலினின் தாக்கத்தைத் தணிக்கும் ஆல்பா தடுப்பு மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தோ கொடுக்காமலோ, மணிக்கட்டுத் தமனியில் குழாய் பொருத்தி நொடிக்கு நொடி அழுத்தத்தைக் காட்டும் திரையோடும், உடனே அழுத்தத்தை இறக்கும் மருந்தை ஊசிக்குழலில் ஏற்றிக் கையில் வைத்திருக்கும் மயக்க மருந்து நிபுணரோடும்தான் நடக்க வேண்டும். அமிலம் இறங்கும்போது வலிக்கும் என்பதற்காகவும் அவர் தேவை. முழு மயக்கமா, அரை உறக்கமா என்பதை நோயாளியின் உடல்நிலையைப் பார்த்து அவரே முடிவு செய்வார். "வெறும் ஊசிதானே, வெளிநோயாளிப் பிரிவிலேயே போட்டு அனுப்பிவிடுவோம்" என்று எந்த இடத்திலாவது சொன்னால் அங்கே போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. ஸ்கேனில் கட்டி தெளிவாகத் தெரிகிறது. அப்படியிருந்தும் "இரண்டு பக்கச் சிரைகளிலிருந்தும் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, அந்த வசதி உள்ள வேறு மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். இது வீண் செலவு இல்லையா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: இந்தக் கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது; மனத்தில் பட்டதை மறைக்காமல் கேட்டிருக்கிறீர்கள்.

அட்ரீனலில் கட்டி இருப்பது ஒன்று. அந்தக் கட்டிதான் ஹார்மோனைச் சுரக்கிறது என்பது வேறு. வயது ஏற ஏற முகத்தில் மரு தோன்றுவதைப் போல அட்ரீனலிலும் ஒன்றும் செய்யாத கட்டிகள் தோன்றுகின்றன. ஆகவே இடப்பக்கம் ஒரு சோம்பேறிக் கட்டி படத்தில் தெரிய, ஹார்மோனைக் கொட்டும் குற்றவாளியோ ஸ்கேன் கண்ணுக்கே அகப்படாத அளவில் வலப்பக்கம் ஒளிந்திருக்கலாம். அல்லது இரண்டு சுரப்பிகளுமே சேர்ந்து அதிகமாகச் சுரக்கலாம். அப்படியானால் எந்தப் பக்கம் ஊசி போட்டாலும் பயனில்லை, மாத்திரைதான் வழி. 950 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கேன் சொன்னதும் சிரை இரத்தம் சொன்னதும் 37.8 விழுக்காட்டினரிடம் ஒத்துப்போகவில்லை. மூன்றில் ஒருவருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே முதல் படி ஸ்கேன் அல்ல, இரத்தப் பரிசோதனை. அல்டோஸ்டிரோன், அதைச் சுரக்கத் தூண்டும் வகையில் சிறுநீரகம் வெளியிடும் ரெனின் இரண்டையும் அளந்து, ஒன்றுக்கு மற்றொன்று என்ன விகிதத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். கட்டி தன்னிச்சையாகச் சுரந்தால் அல்டோஸ்டிரோன் உயர்ந்தும் ரெனின் அடங்கியும் இருக்கும். பொட்டாசியத்தைச் சரிசெய்யாமல் இரத்தம் எடுத்தால் அல்டோஸ்டிரோன் பொய்யாகக் குறைந்து காட்டும். அல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவர் சொல்லைக் கேட்டு அதை நான்கு வாரமாவது நிறுத்த வேண்டியிருக்கலாம். விகிதம் சந்தேகத்தைக் கிளப்பினால், இரண்டு லிட்டர் உப்புநீரை நான்கு மணி நேரத்தில் சிரை வழியே ஏற்றி, அப்போதாவது அல்டோஸ்டிரோன் அடங்குகிறதா என்று பார்ப்பது உண்டு. இவ்வளவுக்கும் பிறகே எந்தப் பக்கம் என்ற கேள்வி எழுகிறது.

அதற்கு விடை சொல்வதுதான் அட்ரீனல் சிரை மாதிரி என்ற பரிசோதனை. தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயை மேலேற்றி, இரண்டு அட்ரீனல் சிரைகளிலிருந்தும் தனித்தனியே இரத்தம் எடுப்பார்கள். இடது சிரை, சிறுநீரகச் சிரையில் வந்து சேர்வதால் வழி எளிது. வலது சிரை சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குட்டை. நேரே பெருஞ்சிரையில் திறக்கிறது. அதன் வாயைக் கண்டுபிடிப்பது, இருட்டில் சுவரைத் தடவி ஊசித்துளையைத் தேடுவது போல. குழாய் சரியான இடத்தில்தான் இருந்ததா என்பதை அந்த இரத்தத்தில் கார்டிசால் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தே உறுதிசெய்கிறார்கள். தொடர்ந்து இதைச் செய்யும் கைகள் குறைவு என்பதால்தான் உங்களை வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் வெளியான ஸ்பார்ட்டகஸ் என்ற ஆய்வு, ஸ்கேனை மட்டும் நம்பிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் சிரைப் பரிசோதனையை நம்பிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஓராண்டு கழித்து மாத்திரைத் தேவையில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. அதன்மீது விவாதம் இன்னும் ஓயவில்லை. நோயின் அடையாளங்கள் மிகத் தீவிரமாக இருந்து, வயதும் 35-க்குக் கீழ் இருந்து, ஒரு பக்கம் மட்டும் தெளிவான கட்டி இருந்தால், இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கலாம் என்று வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. ஆனால் உங்கள் வயது 58 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் ஒன்றும் செய்யாத கட்டிகள் சாதாரணம். தவறான பக்கத்துக்கு மிகத் திறமையாக ஊசி போடப்பட்டு என்ன பயன்? பேருந்துக் கட்டணத்தைப் பார்க்காமல் போய்வாருங்கள்.

கேள்வி: சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது வலது அட்ரீனலில் 1.2 செ.மீ. கட்டி இருப்பதாகத் தற்செயலாகத் தெரிந்தது. எனக்கு இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லை. பிற்காலத்தில் தொல்லை வராமல் இப்போதே ஊசி போட்டு அழித்துவிடலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: வேண்டாம். இப்படித் தற்செயலாகத் தென்படும் கட்டிகள் அரிதல்ல. வேறு காரணத்துக்காக வயிற்று ஸ்கேன் எடுக்கும் பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடமாவது இருக்கிறது, முதியவர்களிடம் இன்னும் அதிகம். உங்கள் ஸ்கேன் அறிக்கையில் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவு என்று ஓர் எண் இருக்கும். சாயம் செலுத்தாமல் எடுத்த படத்தில் கட்டி ஒரே சீராக இருந்து, அந்த எண் 10 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், கொழுப்பு நிறைந்த சாதுவான கட்டி என்று பொருள். அதன்பின், இரவு 11 மணிக்கு ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை விழுங்கி, மறுநாள் காலை 8 மணிக்குக் கார்டிசால் பார்க்கும் எளிய பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அதுவும் அடங்கியிருந்தால் இந்தக் கட்டியை மறந்துவிடலாம். எண் 10-க்கு மேல் இருந்தாலோ, கார்டிசால் அடங்காமல் இருந்தாலோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: 29 வயதான என் மகளுக்கு இரண்டு ஆண்டில் 18 கிலோ எடை கூடிவிட்டது. முகம் உருண்டுவிட்டது, வயிற்றில் ஊதாநிறக் கோடுகள், தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. அட்ரீனல் கட்டியில் கார்டிசால் அதிகம் சுரக்கிறது என்கிறார்கள். ஊசிச் சிகிச்சை இவளுக்குப் பொருந்துமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: கையூன்றாமல் எழ முடியவில்லை என்று எழுதினீர்களே, அது முக்கியமான குறிப்பு. எடை கூடிய எல்லோருக்கும் தொடைத் தசை இப்படி வலுவிழப்பதில்லை. கார்டிசால் தசையைத் தின்றுவிடும்போதுதான் இவ்வாறு ஆகும். குஷிங் நோய்த்தொகுதி என்று இதற்குப் பெயர்.

ஆனாலும் முதலில் ஒன்றைத் துருவிக் கேட்க வேண்டியிருக்கிறது. உலகில் குஷிங் அடையாளங்களுக்கு மிகப் பொதுவான காரணம் கட்டி அன்று, வெளியிலிருந்து உடலுக்குள் போகும் ஸ்டீராய்டுதான். முகத்தை வெளுக்கவைக்கும் களிம்பு, மூட்டு வலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் வரும் தூள், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரை என எதையேனும் அவர் பயன்படுத்தியிருந்தால், அதைக் கண்டிக்காமல் கேட்டு அறிந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்ததாக, கார்டிசாலைச் சுரக்கும்படி அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்திருக்க வேண்டும். அது அடங்கியிருந்தால் குறை அட்ரீனலில். உயர்ந்திருந்தால் குறை பெரும்பாலும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரியில், அப்போது அட்ரீனல் கட்டிக்கு ஊசி போடுவதில் பொருளே இல்லை.

கட்டிதான் காரணம் என்று உறுதியானால், அவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் நுண்துளை அறுவையே என் முதல் தேர்வு. காரணம் இதுதான்: ஊசி போட்டால் கட்டி உள்ளேயே இருந்துவிடுகிறது, அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கத் திசு கிடைப்பதில்லை. கார்டிசால் சுரக்கும் கட்டிகளில் அரிதாகச் சில புற்றாக இருப்பதுண்டு. குறிப்பாகக் கட்டி 4 செ.மீ.-ஐத் தாண்டியிருந்தாலோ, முகத்தில் வேகமாக முடி வளர்ந்து குரல் கட்டையாகியிருந்தாலோ ஊசியை அருகிலேயே விடக் கூடாது; புற்றணுக்கள் ஊசித் தடத்தில் சிந்திவிடும் அபாயம் உண்டு. இதயமோ நுரையீரலோ அறுவையைத் தாங்காத நிலையில் இருக்கும் நோயாளிக்கு, சிறிய, சாதுவெனத் தெரிந்த கட்டி இருந்தால், ஊசி ஒரு நல்ல மாற்று.

எந்த வழியானாலும் அதற்குப் பிந்திய ஓராண்டில்தான் கவனம் அதிகம் தேவை. இத்தனை காலமும் ஒரு பக்கக் கட்டி கார்டிசாலைக் கொட்டிக்கொண்டிருந்ததால் மறுபக்கச் சுரப்பி வேலை மறந்து உறங்கியிருக்கும். கட்டி போன அன்றே அது விழித்துக்கொள்ளாது. பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். அதுவரை கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுத்துச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். "ஸ்டீராய்டு கெடுதல்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைத் திடீரென நிறுத்தினால், அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் ஊசியாகவே கொடுக்க வேண்டும். இந்த விவரத்தை ஒரு அட்டையில் எழுதி அவர் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தொண்டைக்கு நல்லதென்று தினமும் அதிமதுரம் மென்றுவருகிறேன். எனக்கும் பொட்டாசியம் குறைவு, அழுத்தம் அதிகம். அட்ரீனல் கட்டி இருக்குமோ?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முதலில் அதிமதுரத்தை நிறுத்துங்கள். அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசாலை முடக்கிவைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. தடையற்ற கார்டிசால், அல்டோஸ்டிரோன் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்யத் தொடங்குகிறது. பார்வைக்கு அப்படியே கான் நோய்தான், ஆனால் இரத்தத்தில் அல்டோஸ்டிரோன் குறைந்திருக்கும். சில வாரங்கள் நிறுத்தியபின் பொட்டாசியத்தைத் திரும்பப் பாருங்கள். பொட்டாசியமும் அழுத்தமும் தாமாகவே சரியான அளவுக்குத் திரும்பிவிட்டால் ஸ்கேனே தேவைப்படாது.

கேள்வி: என் அண்ணனுக்கு ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரீனல் கட்டி. அதற்கும் இந்த ஊசியைப் போடலாமா?
(வாசகி, விருதுநகர்)

பதில்: கூடாது. அது அட்ரினலினைச் சுரக்கும் உட்பகுதியில் வரும் கட்டி. மேலே திண்டுக்கல் வாசகருக்குச் சொன்ன அழுத்தப் புயல், அங்கே தற்செயல்; இங்கே நிச்சயம். சோதனைக்காகத் திசு எடுக்கும் ஊசியைக்கூட அதில் குத்துவதில்லை. சில நாட்கள் ஆல்பா தடுப்பு மருந்து கொடுத்துத் தயார்செய்து, அறுவையில் எடுப்பதே முறை. ஊசிச் சிகிச்சைக்கு வரும் எந்த அட்ரீனல் கட்டிக்கும் முன்னதாக, அட்ரினலின் சிதைந்து உண்டாகும் பொருளை அளக்கும் மெட்டநெஃப்ரின் பரிசோதனை செய்து, அது இந்த வகை இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: அறுவை, ஊசி மருந்து, வெப்பத்தால் பொசுக்குவது என மூன்று வழிகள் உள்ளதாகப் படித்தேன். எதில் மாத்திரையே இல்லாமல் வாழ முடியும்?
(வாசகர், மதுரை)

பதில்: கடைசியில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில். எந்த வழியும் அதற்கு உறுதி தராது. அல்டோஸ்டிரோன் கட்டிக்காக அட்ரீனலை முழுவதுமாக எடுத்தவர்களின் விவரங்களைப் பல நாட்டு மையங்களிலிருந்து திரட்டி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 94 விழுக்காட்டினருக்கு ஹார்மோன் முழுமையாகச் சரியானது. ஆனால் மாத்திரையே இல்லாமல் அழுத்தம் சரியானது 37 விழுக்காட்டினருக்கு மட்டுமே. மேலும் 47 விழுக்காட்டினருக்கு மாத்திரை குறைந்தது அல்லது அழுத்தம் தணிந்தது. பல ஆண்டுகள் அழுத்தத்தில் இருந்த இரத்தக்குழாய்கள் இறுகிவிடுகின்றன. கட்டி போனாலும் இறுக்கம் போவதில்லை. இளம் வயதினருக்கும், நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கும், பெண்களுக்கும் முழு விடுதலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். முழுச் சுரப்பியையும் எடுத்தாலே இந்த நிலை என்னும்போது, ஊசி இதைவிட அதிகம் தரும் என்று யாரும் வாக்குறுதி அளிக்க முடியாது. ஆனால் மாத்திரை குறைவதையும் பொட்டாசியம் சரியாவதையும் சிறிய ஆதாயம் என்று நினைக்காதீர்கள். அல்டோஸ்டிரோன் மிகுதி அழுத்தத்தைத் தாண்டியும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது.

இனி வழிகளைப் பற்றி. 1992-இல் நுண்துளை வழியே அட்ரீனலை எடுக்கும் அறுவை வழக்கத்துக்கு வந்தபின், பெரிய கீறலும் நீண்ட படுக்கையும் போய்விட்டன; சில நாட்களில் வீடு திரும்பலாம். அதுவே இன்றும் முதல் வழி. வெப்பத்தால் பொசுக்குவதில், ஊசி நுனியில் ரேடியோ அலையோ நுண்ணலையோ செலுத்திக் கட்டியைச் சுடுகிறார்கள். திரவம் எங்கே பரவும் என்பதைத் திரவமே முடிவுசெய்யும். வெப்பத்தின் எல்லையை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். அதனால் பல மையங்கள் இன்று திரவத்தைவிட்டு வெப்பத்துக்கு மாறிவருகின்றன, எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. ஆயினும் அதற்கான கருவியும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியும் விலை உயர்ந்தவை. இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போய், வாய் வழியே உள்நோக்கியை இரைப்பைக்குள் செலுத்தி, இரைப்பைச் சுவரை அடுத்திருக்கும் இடது அட்ரீனலை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே பொசுக்கியிருக்கிறார்கள். 28 பேரிடம் செய்து பார்த்த முடிவுகள் 2025-இல் 'லான்செட்' இதழில் வந்தன. இரைப்பை இடப்பக்கம் இருப்பதால் இது இடது அட்ரீனலுக்குத்தான் பொருந்தும். ஜப்பானிலும் சீனாவிலும் நான்காவதாக ஒரு வழியும் உண்டு: கட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிக்குள் நுண்குழாயை நுழைத்து, அங்கேயே எத்தனாலைச் செலுத்துவது. ஐந்தாவதாக ஸ்பைரனோலாக்டோன், எப்லரெனோன் போன்ற மாத்திரைகளை யாரும் மறந்துவிட வேண்டாம். எந்த ஊசியையும் விரும்பாதவர் அவற்றோடு பல்லாண்டு நலமாக வாழலாம். ஸ்பைரனோலாக்டோன் சில ஆண்களுக்கு மார்பை வீங்கச் செய்யும் என்பதால் அவர்களுக்கு மாற்று மாத்திரை தருவார்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் வெளிமாநிலத்தில் என் தாயாருக்கு அல்டோஸ்டிரோன் கட்டிக்கு அசெட்டிக் அமில ஊசி போட்டோம். பொட்டாசியம் மருந்தும் ஸ்பைரனோலாக்டோனும் இன்னும் சாப்பிடுகிறார். இப்போது ஸ்கேனில் கட்டி கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: அளவை வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. செத்த திசு தழும்பாகி மெதுவாகச் சுருங்கும். சில கட்டிகள் நெடுநாள் அதே வடிவில் நிற்கும். சாயம் செலுத்தி எடுத்த ஸ்கேனில் அந்தக் கட்டி சாயத்தை வாங்கிக்கொள்ளாமல் கறுப்பாகவே நின்றால் இரத்த ஓட்டம் நின்றுவிட்டது என்று பொருள். ஓரத்தில் ஒரு விளிம்பு மட்டும் ஒளிர்ந்தால் அந்த விளிம்பு பிழைத்திருக்கலாம், மறுபடி ஊசி தேவைப்படலாம். ஸ்கேனைவிட முக்கியம் இரத்தம். அல்டோஸ்டிரோனும் ரெனினும் இப்போது எவ்வளவு என்று பாருங்கள். அடங்கிக் கிடந்த ரெனின் எழுந்திருந்தால் சிகிச்சை பலித்திருக்கிறது.

உங்கள் தாயார் இன்னும் பொட்டாசியம் மருந்தும் ஸ்பைரனோலாக்டோனும் சாப்பிடுவதாக எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கட்டி அடங்கியபின் மறுபக்கச் சுரப்பி உடனே வேலையைத் தொடங்காவிட்டால் பொட்டாசியம் எதிர்த்திசையில் ஏறிவிடும். அது இதயத்துக்குக் குறைவைவிட ஆபத்தானது. ஸ்கேன் படத்தை எடுத்து வைத்துவிட்டு, நாளைக் காலையே அவருடைய பொட்டாசியத்தையும், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் பாருங்கள். பொட்டாசியம் 5-ஐத் தாண்டியிருந்தால் அந்த இரண்டு மருந்துகளையும் தொடரலாமா என்று அன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.